கனகலட்சுமி தலை விரித்த வெள்ளிக்கிழமை

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கிற அந்த ஆபீசில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடுவார்கள். அதனால் அமெரிக்காக்காரர்களின் நல்ல நாள் பெரிய நாளெல்லாம் தவறாமல் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்துவிடும். லீவு மட்டும் வராது. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆளுக்கொரு பேய்வேஷம் போட்டு வந்து, கொஞ்ச நேரம் கூத்தடித்துவிட்டு, வேஷத்தைக் கலைக்காமலே உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். போன வருஷம் ஒரு எலும்புக்கூடு ஷிப்ட் முடிகிறவரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்சூரன்ஸ்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்தே தலைப்பு வந்துவிட்டது: தேவதைக் கதை. போட்டிக்கு டீமுக்கு இரண்டு வேஷம், மற்றவர்கள் இஷ்டம்போல. பேய் பிசாசு என்றால் நம்மாட்களுக்குத் தண்ணி பட்ட பாடு; தேவதை என்றதும் முழித்தார்கள். கனகலட்சுமியின் டீம் லீடர் ஜெர்சன் மட்டும் முழிக்கவில்லை. அவனுக்கு எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும்.

"வெள்ளைக்காரன் கதைல, மேல் மாடத்துல இருந்து சடையத் தொங்க விடுமே ஒரு இளவரசி, அதப் போட்ருவோம். சத்யப்ரியா போடட்டும். டவுன்ல நாடக டிரஸ் வாடகைக்கு விடுற கடைல மஞ்ச விக்கு கெடைக்கும்."

மீட்டிங்கில் வாயே திறக்காத கனகலட்சுமி அன்று திறந்தாள். "விக்கு எதுக்குண்ணே? எனக்குத்தான் கணுக்கால் வரைக்கும் முடி இருக்கே."

ஒரு நொடி எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். வயிற்றெரிச்சல் சிரிப்புகூட இல்லை. சின்னப்பிள்ளை பெரிய பேச்சு பேசினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. சத்யப்ரியாதான் ஆறுதல் சொல்கிற தோரணையில் அவள் தோளைத் தட்டினாள்.

"ஏ கனகா, சவுரி வைக்கிறதுல என்னடி இருக்கு? நானுந்தான் கடைல வாங்கி வச்சுப் பின்னுறேன். வைக்கிறத வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்குப் பொய்?"

சத்யப்ரியா கெட்டவள் இல்லை, அதுதான் வம்பு. கெட்டவள் சொல்லியிருந்தால் ஆபீஸ் நம்பியிருக்காது. அவள் தன்னுடைய சவுரியை மேசை மேல் கழற்றி வைத்துவிட்டுத் தலைவலித் தைலம் தேய்த்துக்கொள்கிற வெள்ளந்தி. அவளே சொன்னதால் கனகலட்சுமியின் தலையில் இருந்த அந்தப் பெரிய கொண்டை கடைச்சரக்கு என்று மூன்றாம் மாடி முழுக்க முடிவாகி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியே இருந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'சவுரி' என்றே பேர். அது அவளுக்கும் தெரியும்.

"நெசமுன்னா அவுத்துக் காட்டுறது?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவிழ்த்தால் அந்த நிமிஷமே விஷயம் முடிந்துவிடும். ஆனால் கனகலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இவர்கள் முன்னால் நின்று தலையைக் காட்டவா அவள் முடி வளர்த்தாள்? பேரையூர்ப் பக்கம் கோடையில் குடிக்கிற தண்ணிக்கே அல்லாட்டம். அவளுடைய அப்பா தோட்டத்து மோட்டாரிலிருந்து சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்து அலசிய முடி அது. பேன் பார்த்து, சிக்கெடுத்து, கனத்தில் கழுத்து வலித்து, பரீட்சை நாளிலும் விடிவதற்கு முன் எழுந்து பின்னிய முடி. உடம்பில் ஒரு பொட்டு நகை இல்லாமல் வளர்ந்தவளுக்குப் பெருமைப்பட அது ஒன்றுதான் இருந்தது. அதைப் பொய் என்றால் ஆளையே பொய் என்றதாகத்தான் அவளுக்குப் பட்டது.

"காட்டுறேன். அன்னைக்கி, வேஷத்தோட காட்டுறேன். ரெண்டாவது வேஷம் எனக்கு" என்றாள்.

ஜெர்சனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. "சரி, வெள்ளச் சேலையக் கட்டித் தலைய விரிச்சுப் போட்டு வா. மோகினி. முடிஞ்சது."

"மோகினி பேய்ண்ணே. தலைப்பு தேவதை."

"தலைய விரிச்சா அது பேய்தானம்மா?"

"அண்ணே, நான் வயசுக்கு வந்ததுல இருந்து இதே பேச்சுத்தான். தலைய விரிச்சா பேயி, பின்னிப்போட்டா சவுரி. நான் எப்பத்தான் மனுசியா இருக்குறது?"

ஜெர்சன் பேனாவை எடுத்தான். ரெண்டாவது வேஷத்துக்கு எதிரே அவள் பேரை எழுதிவிட்டான்.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர என்ன வேஷம் என்று அவளுக்கே தெரியாது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் அறைத்தோழி ஜெனிஷாவும் அவளும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஜெனிஷா பசுமலைக்காரி. அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவில் பாடுவாள், மற்ற நாளெல்லாம் வாயாடுவாள். இரண்டு பேரும் ஒரே டீம். கனகலட்சுமியின் தலைமுடி எங்கிருந்து முளைக்கிறது என்று கண்ணால் பார்த்த ஒரே சாட்சியும் அவள்தான். ஆனால் தோழி சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

"கடல்கன்னி?" என்றாள் ஜெனிஷா.

"வாலக் கட்டிக்கிட்டு மூணு மாடி எப்பிடிடி ஏறுறது?"

"அப்ப ஏவாள். உனக்குத் துணியே வேணாம், முடியே போதும்."

"அடி செருப்பால!"

சிரித்துக்கொண்டே கனகலட்சுமி சிக்கெடுப்பதற்காகக் கொண்டையை அவிழ்த்தாள். முடி சரிந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெனிஷாவின் தலை, தோள், போன் எல்லாவற்றையும் மூடிவிட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "யம்மா, ஒண்ணும் தெரியல. பொழுது அடைஞ்சிருச்சு போல."

கனகலட்சுமியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. "ஏ ஜெனி, அப்பிடி ஒரு ராணி இருந்தா? அவ தலைய அவுத்துவிட்டாத்தான் ஒலகத்துக்கே ராத்திரி வரும். பகல் முச்சூடும் காடு கழனில பாடுபட்டவன், சொமை தூக்குனவன், அம்புட்டுப் பேரும் 'தாயே, எப்பத் தலைய அவுப்பே, நாங்க எப்பக் கண்ண மூடுறது'ன்னு அவளப் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

முடிக்குள்ளிருந்து தலையை நீட்டி ஜெனிஷா அவளையே பார்த்தாள். "இது எந்தக் கதைல வருது?"

"எதுலயும் வரல. நாந்தான் சொல்றேன்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று ஓடியது. ராத்திரி என்றால் நட்சத்திரம் வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு நட்சத்திரத்துக்கு அலைவார்களா? மல்லிகை மொட்டு. சரமாகத் தொடுத்துச் சுற்றினால் கல்யாணப்பெண் மாதிரி ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு மொட்டாக, உச்சியிலிருந்து நுனிவரை, மெல்லிய கறுப்பு நூலில் முடிந்துவிட வேண்டும். நிலாவுக்கு, பரதநாட்டியப் பிள்ளைகள் தலையில் வைக்கும் பிறை. கருநீலச் சேலை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தபோது ஒன்று தெரிந்தது: முடி ஈரமாக இருந்தால் மொட்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. சருகு மாதிரிக் காய்ந்திருந்தால்தான் முடி விரிந்தும் நிற்கிறது, மொட்டும் நிற்கிறது.

"அப்ப வியாழக்கெழமையே தலைக்கி ஊத்திரு" என்றாள் ஜெனிஷா.

"வெள்ளிக்கெழமைய விட்டுட்டு வியாழக்கெழம எவளாச்சும் தலைக்கி ஊத்துவாளா?"

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகாவிட்டால் கனகலட்சுமிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

அம்மா அன்னக்கொடியிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் இடி இடித்தது. "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா? அதுவும் வெள்ளிக்கெழம, வெளக்கு வைக்கிற நேரத்துல? ஊருக் கண்ணு பூராம் விழுந்துச்சுன்னா கொத்துக் கொத்தாக் கொட்டிப்போகும்டி!"

"கொட்டுனாக் கொட்டட்டும்மா. என் முடிதான்னு தெரிஞ்சிட்டுக் கொட்டட்டும்."

அன்னக்கொடி பட்டென்று போனை வைத்துவிட்டாள். கனகலட்சுமிக்கு அழுகை வந்தது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. சும்மா தூறல் இல்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிற ஐப்பசி மழை. கனகலட்சுமி வழக்கப்படி நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுகிவிட்டு மொட்டைமாடிக் கதவைத் திறந்தாள், வானத்தைப் பார்த்தாள், மூடினாள். மற்ற நாளில் அரை நாள் வெயிலில் காய்கிற முடி. ஜெனிஷாவின் ஹேர் ட்ரையரைப் போட்டார்கள். உச்சந்தலை வெதுவெதுப்பாவதற்குள் ஹாஸ்டல் ப்யூஸ் போய்விட்டது. வார்டன் கத்த ஆரம்பிக்கவும் ஈர முடியை ஒரு துண்டில் சுருட்டிக் கட்டிக்கொண்டு இருவரும் மத்தியான ஷிப்டுக்குப் பஸ் ஏறினார்கள். மாட்டுத்தாவணியில் வாங்கிய மொட்டு ஒரு பையில் இருந்தது. கனகலட்சுமியின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆபீசில் வேஷங்கள் அமர்க்களப்பட்டன. சத்யப்ரியா ரோஸ் கலர் கவுனில், முழங்கால் வரை தொங்கும் மஞ்சள் விக்கோடு, கண்ணைப் பறிக்கிற மாதிரி வந்திருந்தாள். கனகலட்சுமியின் துண்டுக்கட்டைப் பார்த்து, "என்ன கனகா, சவுரியும் நனைஞ்சிருச்சா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

ஏழு மணிக்குப் போட்டி. ஆறு மணிக்கு, வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற மாதிரி, ரிசப்ஷனில் சாமி படத்துக்குப் பூசை. ஹவுஸ்கீப்பிங் ஒச்சம்மாள் அக்கா தூபக்காலில் சாம்பிராணி போட்டு மாடி முழுக்க ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கனகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஈரத் தலையைக் காயவைக்க அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வழி கண்ணெதிரே புகைந்துகொண்டு போகிறது!

"அக்கா, பூசை முடிஞ்சா அந்தக் கங்க எனக்குக் குடுங்க. தலை காய வைக்கணும்."

"எடுத்துக்கம்மா. சாம்பிராணியும் கெடக்கு அந்த டப்பால" என்று கொடுத்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

மாடிக்கோடியில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூம் ஒன்று உண்டு. அங்கே தூபக்காலை வைத்து, குப்பை போடுகிற கம்பிக்கூடையைத் துடைத்துக் கவிழ்த்து, அதன் மேல் முடியைப் பரப்பினார்கள். ஜெனிஷா கூரையைப் பார்த்தாள். வட்டமாக, சிவப்பு விளக்கோடு ஒன்று அங்கே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏடி, அது பொகைக்கி அடிக்கிற அலாரம்ல?"

"வெள்ளிக்கெழம அது அடிக்காதுடி. வாரா வாரம் எம்புட்டுப் பொகை போடுறாங்க, என்னைக்காச்சும் அடிச்சிருக்கா?"

அடித்ததில்லை, உண்மைதான். ஏன் அடித்ததில்லை என்றால், பூசை நடக்கிற பத்து நிமிஷத்துக்கு செக்யூரிட்டி அதை அணைத்து வைப்பார். பூசை முடிந்து மறுபடி போட்டுவிட்டு அவர் கீழே போய் டீயும் குடிக்க ஆரம்பித்திருந்தார். நம்முடைய ராணிக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை என்பதால் அலாரமும் சாமிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

புகை அருமையாக வேலை செய்தது. நுனியிலிருந்து ஈரம் கழன்று, முடி உதிரி உதிரியாகப் பிரிந்து பொங்கி எழுந்தது. ஜெனிஷா மொட்டு மொட்டாக முடிந்துகொண்டே வந்தாள். "எங்க சர்ச்சுல இதெல்லாம் கெடையாதுடி, ஆனா வாசம் ஆளத் தூக்குது" என்றவள், பிடரிப்பக்கம் மட்டும் இன்னும் ஈரம் இருக்கவும், ஆர்வக்கோளாறில் ஒரு கை சாம்பிராணியை அள்ளி மொத்தமாகப் போட்டு, ஒரு அட்டையால் விசிறு விசிறு என்று விசிறினாள்.

அலாரம் அலறியது. லிப்ட் நின்றது. 'எல்லாரும் படி வழியாக இறங்கவும்' என்று ஒரு பெண்குரல் இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னது. கதவைத் திறந்தால் தாழ்வாரம் முழுக்கப் புகை, அதற்குள் சூனியக்காரி, அரக்கன், முயல், குட்டிச்சாத்தான் எல்லாம் அடித்துப் பிடித்து ஓடுகின்றன. தூபக்காலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, ஜெனிஷா அவளைப் பிடித்துத் தள்ளினாள். முடியைச் சுருட்ட நேரமில்லை. இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு கனகலட்சுமி படியில் ஓடினாள். பிறை வைக்கவில்லை, கருநீலச் சேலை கட்டவில்லை, சுடிதாரோடு நிற்கிறாள். 'எல்லாம் போச்சு, இந்த ஜென்மத்துக்கும் நான் சவுரிதான்' என்று மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் செருப்பு கழன்றது. குனிந்து உட்கார்ந்து அதை மாட்டினாள். அணைத்திருந்த முடி கையிலிருந்து நழுவிப் பின்படியெல்லாம் பரந்தது. பின்னாலேயே கவுனைத் தூக்கிக்கொண்டு வந்த சத்யப்ரியா, தன் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல், ஹீல்ஸோடு நன்றாக ஏறி மிதித்தாள். அந்த நேரம் பார்த்துக் கனகலட்சுமி எழுந்தாள்.

"ஆத்தாடீ! எம் மண்டை!"

தலை பின்னுக்கு இழுபட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்யப்ரியா தடுமாறிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்த வேகத்தில் மஞ்சள் விக்கு கழன்று, சறுக்கிக்கொண்டே கீழ்மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. காலடியில் கிடந்தது மட்டும் கழலவில்லை. அவள் காலை எடுத்தாள். குனிந்து அந்த நுனியைக் கையில் எடுத்து, கழன்று வந்துவிடும் என்று நினைத்து, லேசாக இழுத்தாள்.

"யக்கா, வலிக்குது!"

அலாரம் அலறுகிறது, மேலே படியெல்லாம் ஆள் நெரிகிறது, சத்யப்ரியாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மல்லிகை மொட்டு மின்னிய அந்த முடியை, கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது போல, கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தபடி படி இறங்கி வந்தாள். முதுகு வந்தது, கழுத்து வந்தது. கடைசியில் விரலை உச்சந்தலையில் விட்டுத் துழாவினாள். முடிச்சு இல்லை, ஊசி இல்லை, வெறும் மண்டைதான். அங்கிருந்தே படிக்கட்டு அதிர ஒரு கத்துக் கத்தினாள்.

"ஏய்! இது மண்டைல இருந்துதான்டா வருது! அம்புட்டும் இவ முடிதான்!"

மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே இறங்கியவர்கள் திரும்பி ஏறினார்கள். தீ பிடித்த கட்டிடத்திலிருந்து தப்பி ஓடுகிறோம் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. ஜெர்சன் ஒரு தலைப்பாகை ராஜாவாக நின்று "யாத்தே" என்றான். கனகலட்சுமிக்கு மண்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் அப்படி ஒரு சுகமான வலியை அவள் அதுவரை பட்டதில்லை.

சத்யப்ரியாவின் கண் கலங்கியிருந்தது. "பெரிய தப்புப் பண்ணிட்டேன்டி கனகா. நான் ஒருத்தி சொல்லித்தான் இம்புட்டுப் பேரும் சொன்னாங்க." குனிந்து முடியின் நுனியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "தரை பூராம் ஈரமாக் கெடக்கு. நீ முன்னால நட. நான் பிடிச்சிக்கிட்டு வாரேன்."

கனகலட்சுமி எழுந்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. முன்னால் அவள், பின்னால் ரோஸ் கவுனில் விக்கு இல்லாத இளவரசி தோழியாக முடியேந்தி வர, அதற்குப் பின்னால் அரக்கர்களும் முயல்களும். அந்த ஊர்வலம் டூ வீலர் ஷெட்டுக்குள் வந்தபோது, முன்பே வந்து நின்ற மற்ற மாடிக்காரர்கள் தானாக விலகி வழி விட்டார்கள்.

ஆபீஸ் மேனேஜர் சிவந்த முகத்தோடு நின்றிருந்தார். "தீயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஸ்டோர் ரூம்ல சாம்பிராணி! யார் பார்த்த வேலை?"

"நாந்தான் சார். தலை காயல" என்றாள் கனகலட்சுமி.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் பின்னால் சத்யப்ரியாவின் கைவரை நீண்டிருந்ததைப் பார்த்தார். உச்சியிலிருந்து நுனிவரை கண் ஒருமுறை போய் வந்தது. "எங்க வீட்டுல இதுல கால்வாசி. அதுக்கே ரெண்டு நாள் காயலன்னு பொலம்பல்" என்று முனகியவர், திங்கட்கிழமை தன்னை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, மேலே புகை அடங்கும்வரை போட்டியை இங்கேயே வைத்துவிடச் சொன்னார்.

வண்டிகளை ஒதுக்கி இடம் செய்தார்கள். அவள் முறை வந்ததும் கனகலட்சுமி நடுவில் போய் நின்றாள். பிறையும் இல்லை, நீலச் சேலையும் இல்லை. மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த வாசம் மட்டும் ஷெட்டை நிறைத்தது. உலகத்துக்கு ராத்திரி கொண்டுவருகிற ராணியின் கதையை, தன் ஊர்ப் பேச்சிலேயே, நடுக்கமில்லாமல் சொன்னாள். பாடுபட்டவர்கள் காத்து நிற்கிற இடம் வந்தபோது தலையை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். முடி வட்டமாகப் பறந்து வந்து அவளை முழுசாக மூடியது. மூன்று மாடி ஜனமும் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவள் சத்யப்ரியா.

"தூங்குனவுக எந்திரிக்கணும்ல? அப்ப விடியணும்" என்று முடியை மூன்றாகப் பிரித்துக் கையில் எடுத்தாள் கனகலட்சுமி. "ராணி சடை பின்ன ஆரம்பிச்சாத்தான் கெழக்க வெளுக்கும்."

"பின்னாத!" என்று முதலில் கத்தியது யாரென்று தெரியவில்லை. அடுத்த நொடி ஷெட்டே கத்தியது. "பின்னாத கனகா! விடிய வேணாம்! பின்னாத!"

பொழுது சாய்ந்தால் தலையை வாரு, முடி, கட்டு, மறை என்று கேட்டே வளர்ந்த காது அது. கனகலட்சுமி கையில் பிடித்த மூன்று பிரியையும் அப்படியே விட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, பின்னல" என்றாள்.